ஏரியைக் கெடுத்தது ஆடா?

ஒரு நகரத்தின் ஏரி மண் மூடிப் போயிற்று. யார் செய்த குற்றம் என்று தேடினார்கள். மலைமேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடு கண்ணில் பட்டது. ஆட்டுக்குப் பின்னால் கோலூன்றி நின்ற ஏழையும் கண்ணில் பட்டான். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக அதிகாரம் மார்தட்டிக்கொண்டது.

கட்டுக்கதையல்ல இது. பஞ்சாபுக்கும் அரியானாவுக்கும் தலைநகராக இருக்கும் சண்டிகரில் நடந்தது. அங்குள்ள சுக்னா ஏரியின் வரலாறு நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. ஏரி நீர் எங்கே கெடுகிறது, எங்கே காக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது. ஏழையின் தலையில் பழி எப்படி ஏறுகிறது என்பதையும், அதே ஏழை மலையின் காவலனாக மாறியது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

நகரம் பெற்ற ஏரி

1947-ல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. எனவே புதிய நகரம் ஒன்றை எழுப்பினார்கள். லெ கொர்புசியே என்னும் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் அதை வகுத்துத் தந்தார். பி. எல். வர்மா தலைமைப் பொறியாளராக இருந்தார். சிவாலிக் குன்றுகளிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் பாய்ந்து வரும் சுக்னா என்ற காட்டாற்றின் குறுக்கே அணை போட்டு, 1958-ல் ஏரி ஒன்றை உண்டாக்கினார்கள். அன்று அதன் பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர்.

ஏரிக்கரை மேல் மோட்டார் வண்டி ஓடலாகாது, ஏரியில் மோட்டார் படகு விடலாகாது என்பது கொர்புசியேயின் விருப்பம். மக்கள் நடந்து உலாவட்டும், நீரின் அமைதி குலையாமல் இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணம்தான். கரைக்குச் சட்டம் வந்தது, காவல் வந்தது, விளக்கு வந்தது. ஆனால் ஏரிக்கு நீர் வருவது கரையிலிருந்தா? மலையிலிருந்தல்லவா வருகிறது! அந்த மலையின் கதி என்ன, அங்கே வாழும் மக்களின் கதி என்ன என்று அப்போது எத்தனை பேர் நினைத்தார்கள்?

மண் வந்த வழி

சிவாலிக் குன்றுகள் நம் பக்கத்து மலைகளைப் போலக் கருங்கல் மலைகள் அல்ல. இமயத்தின் அடிவாரத்தில், மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் கலந்து, இறுகாமல் கிடக்கும் இளங்குன்றுகள். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். சுக்னா ஏரிக்கு நீர் தரும் பகுதி ஏறத்தாழ 42 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பில் விழும் மழை எதைத் தொட்டு வருகிறதோ அதைத்தான் ஏரிக்குக் கொண்டுவரும்.

மரமும் புல்லும் போர்த்திய சரிவில் மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் இறங்கி, வேரோடு சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. மிச்சம் மெல்ல வழிகிறது; தெளிந்து வருகிறது. போர்வையில்லாத சரிவிலோ ஒவ்வொரு துளியும் சம்மட்டியடி. மேல்மண் சிதறுகிறது. சிதறிய மண்ணை நீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முதலில் கோடு விழுகிறது, கோடு வாய்க்காலாகிறது, வாய்க்கால் ஆள் உயரப் பள்ளமாகிறது. அந்தப் பள்ளம் மேலே ஏறி ஏறி, உழுத நிலத்தையே அறுத்து விழுங்குகிறது.

கீழே ஏரிக்கு என்ன நேருகிறது? மணல் உடனே அடியில் தங்கிவிடும், ஆழம் குறையும். களித்துகள் அப்படித் தங்காது. நாள்கணக்கில் நீரில் மிதந்து கலங்கலாக்கும். கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காது. நீருக்குள் வளரும் செடி வாடும்; மீன் இரை தேட முடியாமல் தவிக்கும். அதோடு போகிறதா? வயலில் இட்ட உரத்தின் சத்தும் எருவின் சத்தும் மண்துகளில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றுள் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் முக்கியமானது. பயிருக்கு ஊட்டமாகும் அதே சத்து, ஏரியில் பாசிக்கும் களைக்கும் ஊட்டமாகிறது. பாசி பெருகிச் செத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன் மூச்சடைத்து மிதக்கிறது. ஆழம் குறைந்த நீர் எளிதில் சூடேறுவதால் கேடு இரட்டிப்பாகிறது.

சுக்னா பெரும்பாலும் உலாவும் இடம், பறவைகள் வந்து தங்கும் இடம். ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு இதே கேடு வந்தால் பொருள் இன்னும் கடுமையானது. கலங்கல் கூடக்கூடப் படிகாரம் கூட வேண்டும், வடிகட்டும் மணற்படுகை அடைத்துக்கொள்ளும், செலவு ஏறும். காசுள்ளவன் விலைக்கு வாங்கிக் குடிப்பான். குழாயடியில் குடத்தோடு நிற்கும் உழைப்பாளி என்ன செய்வான்? மலையில் கரையும் மண்ணுக்கும் சேரியில் வரும் வயிற்றுப்போக்குக்கும் உறவு இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். கலங்கல் நீரில் கிருமி ஒளிந்துகொள்ள இடம் அதிகம். மருந்து அதைச் சென்று தொடுவது கடினம்.

தடைச் சட்டம் தந்தது என்ன?

சிவாலிக் மண் கரைவது புதிய செய்தியல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 1900-ல், பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மரம் வெட்டாதே, மேய்க்காதே, புது நிலம் உடைக்காதே என்று தடுக்கும் அதிகாரத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சட்டம் இருந்தது, முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் குன்றுகளில் பெரும்பகுதி மொட்டையாகவே நின்றது. ஏன்? பசித்தவனிடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லும் சட்டம், காவலர் முகம் திரும்பும்வரைதான் செல்லும்.

ஏரி மண் மூடத் தொடங்கியதும் அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கையகப்படுத்தி மரம் வளர்த்தது. பிற்காலத்தில், 1998-ல், அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1974-ல் காட்டாற்றையே ஏரிக்குள் விடாமல் திருப்பிவிட்டு, மண் தங்கும் தொட்டிகள் வழியாக நீரை ஏரிக்கு விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். தூர் வாரினார்கள். நகரமக்களும் கூடை எடுத்து மண் சுமந்தார்கள்.

பாராட்ட வேண்டிய முயற்சிகள்தான். என்றாலும் ஒரு கேள்வி நின்றது. கோடையில் பத்துக் கூடை மண்ணை அள்ளிக் கரையில் கொட்டுகிறோம். மழைக்காலத்தில் மலை இருபது கூடையைத் திருப்பித் தருகிறது. ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதா, ஓட்டையை அடைப்பதா?

சுகோமஜ்ரிக்குப் போன விஞ்ஞானி

ஓட்டையைத் தேடிப் போனவர் பி. ஆர். மிஸ்ரா. சண்டிகரில் இயங்கிய மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. மலையெங்கும் ஒரே அளவில் மண் கரையவில்லை, மோசமாகச் சிதைந்த சில இடங்களே பெருமளவு மண்ணை அனுப்புகின்றன என்று அவர் கண்டார். அத்தகைய இடமாக அடையாளம் காணப்பட்டது அரியானாவில் உள்ள சுகோமஜ்ரி என்ற சிற்றூர். குஜ்ஜர் இனத்து மக்கள் வாழும் ஊர். கால்நடையும் மானாவாரிச் சாகுபடியும் அவர்கள் பிழைப்பு.

"ஆட்டை விற்றுவிடு, மலையை விட்டு இறங்கு" என்று அவர்களிடம் சொல்லுவது எளிது. ஆனால் ஆட்டை அவர்கள் ஏன் வளர்த்தார்கள்? மழை தவறினால் கோதுமை கருகும். கோதுமை கருகினால் அடுப்பெரிய வேறு வழி என்ன? ஆடுதான் அவர்களுடைய பாங்கி. ஆடுதான் அவர்களுடைய இன்ஷூரன்ஸ். மண் கரைவதால் முதலில் அடிபட்டவர்களும் அவர்களே. நகரத்து ஏரி மண் மூடுவதற்கு முன்பே, நீர் அறுத்த பள்ளங்கள் அவர்கள் வயலைத் தின்றுகொண்டிருந்தன. குற்றவாளி என்று சுட்டப்பட்டவனே பெரிய பாதிப்புக்கும் ஆளானவன்!

1976-ல் அவ்வூரில் முதல் மண் அணை எழுந்தது. பள்ளம் மேலும் அறுக்காமல் தடுப்பதும், கரைந்து வரும் மண்ணை நிறுத்துவதும் நோக்கம். அணைக்குப் பின்னே மழைநீர் தேங்கிற்று. மழை பொய்த்த பருவத்தில் அந்த நீர் வயலுக்குப் பாய்ந்தபோது, கருக இருந்த பயிர் தலைநிமிர்ந்தது. அன்றுதான் ஊருக்கு விளங்கிற்று: மலையில் புல் நின்றால் அணையில் மண் சேராது, அணையில் மண் சேராவிட்டால் நீர் நிற்கும், நீர் நின்றால் சோறு உண்டு. ஏரியைக் காப்பாற்று என்று நகரம் சொன்னபோது அசையாத மனம், தன் வயலைக் காக்கும் வழி இதுதான் என்று கண்டபோது அசைந்தது. இதில் வியப்பென்ன? நியாயம்தானே!

நீரில் பங்கு எல்லோர்க்கும்

இங்கேதான் கதையின் உயிர்நாடி இருக்கிறது. அணைநீர் எட்டும் நிலம் சில குடும்பங்களுக்கே இருந்தது. மேட்டு நிலக்காரனுக்கு நீர் எட்டாது. நிலமே இல்லாதவனுக்கு நீரால் பயனில்லை. ஆனால் மேய்ச்சலை நிறுத்து என்ற கட்டளையோ எல்லோர்க்கும் பொது! இழப்பு எல்லோர்க்கும், லாபம் சிலருக்கு என்றால் எந்த ஏழை ஒப்புவான்? அவன் ஆட்டை மறுபடி மலைக்குத்தான் ஓட்டுவான்.

எனவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேங்கிய நீர் ஊர்ப்பொது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வயல் பள்ளத்தில் இருந்தாலும் மேட்டில் இருந்தாலும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு. தன் பங்கைப் பயன்படுத்த முடியாதவன் அதை மற்றவனுக்கு விலைக்குக் கொடுக்கலாம். வாரத்துக்கு விட்டு விளைச்சலில் பங்கு வாங்கலாம். பங்கு பெறுவதற்கு ஒரே நிபந்தனை: மலையில் ஆடுமாடு மேய்ப்பதில்லை. மலைவள நிர்வாகச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, ஊராரே அதை நடத்தினார்கள்.

முள்கம்பி வேலி போட்டார்களா? இல்லை. காவலாள் வைத்தார்களா? இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு என்றானதும், ஒவ்வொரு வீடும் மலைக்கு வேலியாயிற்று. சமூக வேலி என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1900-ம் ஆண்டுச் சட்டம் சாதிக்காததைச் சமபங்கு சாதித்தது!

ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின. எருமையைக் கட்டிப்போட்டுத் தீனி போட்டு வளர்த்தார்கள். பால் பெருகிற்று, எருவும் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. மலையில் பாபர் என்னும் புல் அடர்ந்து வளர்ந்தது. கயிறு திரிக்க உதவும் புல் அது. காகித ஆலைக்கும் கூழாகும். முன்னெல்லாம் வன இலாகா அந்தப் புல்லை ஏலம் விட, கான்டிராக்டர் எடுத்து லாபம் பார்ப்பார். இப்போது சங்கமே குத்தகைக்கு எடுத்தது, இடைத்தரகர் மறைந்தார், வருமானம் ஊருக்கு வந்தது. 1976-ல் ஹெக்டேருக்கு 13 மரங்கள் நின்ற குன்றில், 1992-ல் 1,272 மரங்கள் நின்றன என்பது பதிவான கணக்கு. ஹெக்டேருக்கு 40 கிலோ கிடைத்த புல் 3 டன் அளவுக்கு உயர்ந்தது. அந்தப் பகுதியிலிருந்து ஏரிக்குப் போகும் மண்ணும் பெருமளவு குறைந்தது. நகரம் ஏரிக்காக ஏங்கிற்று. ஊர் தன் வயிற்றுக்காக உழைத்தது. இரண்டும் ஒரே வேலையில் நிறைவேறின.

கை நீட்டிய அரசாங்கம்

எல்லாம் இன்பமாக முடிந்தது என்று சொல்லி ஏமாற்ற மனமில்லை. மலையைப் பசுமையாக்கிச் சம்பாதித்த பணத்துக்காக வருமானவரி விதிக்கப்பட்ட கிராமம் என்ற பெயர் சுகோமஜ்ரிக்குக் கிடைத்தது. மொட்டைக் குன்றாக இருந்தவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பசுமை வந்ததும், பணம் வந்ததும் வரி வந்தது. இலாகாவின் பங்குக் கோரிக்கையும் வந்தது. உழைத்தவன் கைக்கு வருவது குறைந்தால் ஊக்கம் குறையாதா? குறைந்தது. அணைகளும் காலப்போக்கில் மண் சேர்ந்து பழுதாயின. பராமரிப்புத் தளர்ந்தது. சமபங்கு என்ற ஆணியை அசைத்தால் வண்டி ஓடாது என்பதற்கு இதுவும் சாட்சி.

மற்றொரு வாதமும் எழுந்தது. அண்மைக் காலத்தில் சில கோடைகளில் சுக்னா வற்றும் நிலைக்கு வந்தபோது, மலையிலுள்ள தடுப்பணைகளும் அடர்ந்த காடும் நீரையே நிறுத்திக்கொள்கின்றன என்று சிலர் குறை கூறினார்கள். மண்ணை நிறுத்தும் ஏற்பாடு நீரையும் ஓரளவு நிறுத்தும் என்பது உண்மை. எங்கே எத்தனை அணை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். அதற்காக மலையைப் பழையபடி மொட்டையடிக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், சளிக்கு மருந்தாக மூக்கை அறுக்கச் சொல்லும் வைத்தியம் அது.

ஆடு போயிற்று, அடுக்குமாடி வந்தது

இன்று அந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வந்திருக்கும் ஆபத்து நாலு கால் ஆபத்தல்ல. கான்சல், கைம்ப்வாலா, சகேத்ரி ஆகிய ஊர்களின் பக்கம் கட்டடங்கள் முளைத்தன. சரிவை வெட்டிச் சமன் செய்கிறார்கள். தோண்டிய மண்ணைக் குவிக்கிறார்கள். அடுத்த மழை அதை எங்கே சேர்க்கும்? வீடுகளின் கழிவுநீர் எங்கே இறங்கும்? சுக்னா சரணாலயத்துக்கு அருகே எழவிருந்த பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றை உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் ரத்து செய்தது. 2020 மார்ச்சில் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே போய், சுக்னா ஏரியே உரிமைகள் உள்ள உயிருள்ள ஒன்று என்று அறிவித்தது; நீர்ப்பிடிப்புப் பகுதியில் எழுந்த கட்டடங்களைக் கடுமையாகக் கண்டித்தது.

ஏரி சண்டிகருக்கு, நீர்ப்பிடிப்பு நிலமோ பஞ்சாப், அரியானா, சண்டிகர் என மூன்று நிர்வாகங்களின் கையில். நீருக்கு எல்லைக்கோடு தெரியாது, மண்ணுக்கும் தெரியாது. அதிகாரத்துக்கு மட்டும் நன்றாகத் தெரியும்! "அது என் எல்லையல்ல" என்று மூவரும் கைகாட்டினால் மண் மட்டும் தவறாமல் வந்து சேரும்.

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏழையின் ஆட்டை விரட்ட 1900-லேயே சட்டம் தயாராக இருந்தது. பணக்காரரின் மாளிகையைத் தடுக்க மட்டும் நீதிமன்றத்தின் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருந்ததே, ஏன்? ஆடு மேய்ந்த இடத்தில் மழை வந்தால் புல் மறுபடி முளைக்கும். சிமென்டு மேய்ந்த இடத்தில் என்ன முளைக்கும்?

நாம் கேட்க வேண்டியவை

சண்டிகர் வெகுதூரம். ஆனால் நம் ஒன்றியத்திலும் ஏரி உண்டு, அணை உண்டு, தூர் வாரும் டெண்டரும் உண்டு. டெண்டர் விளம்பரம் வந்ததும் எத்தனை லட்சம், யாருக்கு வேலை என்று பேசுகிறோம். அதோடு நிற்கலாகாது. இந்தத் தூர் எந்த மேட்டிலிருந்து வந்தது? அந்த மேடு யார் கையில் இருக்கிறது? செம்மண் வெட்டி லாரியில் ஏற்றுபவர் யார்? வரத்துக்கால் ஓரத்தில் புல்லும் புதரும் நிற்கின்றனவா? சரிவில் உழுபவன் சரிவுக்குக் குறுக்கே உழவும் வரப்புப் போடவும் அவனுக்கு யார் உதவினார்கள்? மேட்டில் ஆடு மேய்ப்பவனுக்கு மாற்றுத் தீவனம் உண்டா? மலையடி மக்கள் காக்கும் நீரில் அவர்களுக்குப் பங்கு உண்டா? கிராமசபைக் கூட்டத்தில் இந்தக் கேள்விகள் எழட்டும். எழுத்தில் பதியட்டும்.

எழுப்ப வேண்டியவர்கள் யார்? மண்வெட்டி பிடித்த கைகளுக்குத்தான் மண்ணின் எடை தெரியும். ஏரியில் இறங்கித் தூர் சுமந்தவனுக்குத்தான் அடுத்த ஆண்டும் அதே மண்ணைச் சுமக்கும் வீண் உழைப்பின் வலி தெரியும். மலைமேல் இருப்பவனைக் குற்றவாளியாக்கி ஏரியைக் காக்க முடியாது. அவனைப் பங்காளியாக்கினால் முடியும் என்று ஒரு சிற்றூர் செய்து காட்டியிருக்கிறது. அதை நாடு முழுதும் செய்ய வைக்கும் வேலை, கேட்கத் துணிந்த உழைப்பாளியின் வேலை. அடுத்த மழைக்கு முன்னே தொடங்குவோம்!